தெற்காசியாவா, மேற்காசியாவா: நீலகிரி மாணவர் எந்த வட்டாரத்தைப் படிப்பது?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் இளங்கலை முடித்து, முதுகலையில் பன்னாட்டு உறவுகளைப் படிக்க விரும்பும் மாணவர்கள், எந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற இடத்தில்தான் பெரும்பாலும் தயங்கி நிற்கிறார்கள். தெற்காசியா, மேற்காசியா என்ற இரண்டுக்கும் நடுவில்தான் அந்தத் தயக்கம். 1967இல் பாங்காக்கில் ஐந்து நாடுகளோடு தொடங்கிய ஆசியான் கூட்டமைப்பை முன்னிட்டுத் தென்கிழக்காசியாவைக் கேட்பவர்களும் உண்டு; அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

மேற்காசியாவின் ஈர்ப்பு எளிதில் விளங்கக்கூடியது. 1973இன் எண்ணெய்த் தடை, 1979இன் ஈரானியப் புரட்சி, 1981இல் உருவான வளைகுடா ஒத்துழைப்பு மன்றம், இஸ்ரேலோடு சில அரபு நாடுகள் செய்துகொண்ட 2020இன் ஆபிரகாம் உடன்பாடுகள், 2023இல் பெய்ஜிங்கில் சவூதி அரேபியாவும் ஈரானும் உறவைப் புதுப்பித்துக்கொண்டது என அரை நூற்றாண்டுக்குள் அணிகள் மாறிக்கொண்டே வந்திருப்பதால், அதிகாரச் சமநிலை பற்றிய கோட்பாடுகளைச் சோதித்துப் பார்க்க இதைவிடச் செறிவான களம் கிடைப்பது அரிது. நம் மலைக்கும் அது தொலைவானதன்று. இந்தியத் தேயிலையை வாங்கும் நாடுகளில் ஈரானும் ஒன்று என்பதால், அமெரிக்கா 2018இல் மீண்டும் விதித்த தடைகள் தேயிலை வணிகர்களுக்கும் கவலை தந்தன. ஆனால் அரபு மொழி தெரியாமல் அரபு நாடுகளின் அரசியலையும், பாரசீகம் தெரியாமல் ஈரானையும் ஆராய முனைபவர், பிறர் மொழிபெயர்க்கத் தேர்ந்தெடுத்ததை மட்டுமே காண முடியும். எழுத்து அரபும் ஒவ்வொரு நாட்டின் பேச்சு அரபும் வேறுபடுவதால், இரண்டாண்டு முதுகலைக்குள் அந்தக் குறையைத் தீர்ப்பது கடினம்.

தெற்காசியாவுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதமும் வலுவானதே. 1985இல் டாக்காவில் தொடங்கிய, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும், இருதரப்புச் சிக்கல்களைப் பேசக் கூடாது என்று தன் சாசனத்திலேயே எழுதி வைத்தது. 2014இன் காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் அதன் தலைவர்கள் உச்சிமாநாட்டில் கூடவே இல்லை. இப்படி முடங்கிப்போன வட்டாரத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. இத்தனை உறவும் எல்லையும் ஆறும் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் ஏன் சேர்ந்து இயங்கவில்லை என்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான கேள்வி.

அதற்கும் மேலாக, இந்த வட்டாரத்தின் மூல ஆவணங்களில் ஒரு பகுதி நம் வீடுகளிலேயே இருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி, 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்கள் உருவானதே அவர்களின் மறுவாழ்வுக்காகத்தான். அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்த கதையைத் 'தாயகம் திரும்பியோர்' என்ற அலுவலகச் சொல் மறைத்துவிடுகிறது. இலங்கையில் தங்கியவர்களில் பலருக்கு 2003இன் சட்டம் வரும்வரை குடியுரிமைச் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. இரண்டு தலைநகரங்களில் எழுதப்பட்ட எண்கள் தோட்டத் தொழிலாளர் வாழும் ஒரு லயன் வீட்டில் என்ன செய்தன என்பதை, அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டியிடமே, நம் மொழியிலேயே கேட்டு எழுதும் வாய்ப்பு டெல்லி மாணவருக்கு எளிதில் அமையாது.

ஆகவே, முதுகலைக்குத் தெற்காசியாவையே எடுக்கச் சொல்கிறேன். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இந்த வட்டாரத்துக்கென்றே ஆய்வு மையங்கள் உள்ளன. அரபோ பாரசீகமோ கல்லூரிக் காலத்திலேயே கற்கத் தொடங்கிவிட்ட மாணவருக்கு மட்டும் என் விடை மாறும். அவர் தயங்காமல் மேற்காசியாவை எடுக்கலாம்.

தெற்காசியாவை எடுப்பவருக்கும் மொழிச்சுமை உண்டு. கண்டி விவசாயிகளின் நிலக்குறையும், தோட்டத் தொழிலாளர்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போய்விடும் என்ற அச்சமும் 1948இல் எப்படிப் பேசப்பட்டன என்பது தமிழ் நினைவுகளில் மட்டும் கிடைக்காது. சேர்க்கைக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே சிங்கள எழுத்துகளைப் பழகத் தொடங்கிவிட வேண்டும்.