பைமாலா, சிமெராஎக்ஸா: திருப்பிய புரதம் அதே கோணத்துக்குத் திரும்பி வருமா?

ஹீமோகுளோபினின் இரண்டு நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் செய்ய வேண்டியிருந்தது. ஆக்சிஜன் இல்லாதது 4எச்எச்பி, ஆக்சிஜன் ஏறியது 1எச்எச்ஓ (புரத வடிவங்களின் பொதுத் தரவுத்தளத்தில் அவற்றின் கோப்புக் குறியீடுகள்). இதே வேலையை, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள்களான பைமாலிலும் சிமெராஎக்ஸிலும் தனித்தனியாகச் செய்து பார்த்தேன், கடைசியில் பைமாலோடு இருந்துவிட்டேன்.

விலை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிமெராஎக்ஸ் வணிக நோக்கமில்லாத வேலைகளுக்கு இலவசம். பைமாலின் திறந்த மூல வடிவத்தை நாமே நிறுவிக்கொள்ளலாம், தயார் நிலையில் வரும் பதிப்புக்குத்தான் உரிமம் வேண்டும். மவுஸை இழுத்தால் இரண்டிலும் புரதம் சுழலும். உருளையைத் திருப்பினால் சிமெராஎக்ஸில் பெரிதாகும் சிறிதாகும், பைமாலில் வெட்டுத்தளம் (எதுவரை திரையில் தெரியலாம் என்று வெட்டும் எல்லை) நகர்ந்து புரதத்தின் முன்பக்கமே காணாமல் போகும். முதல் நாள் குழப்பும், அப்புறம் அதுவே பழகிவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள், இரண்டு ஆல்ஃபா-பீட்டா ஜோடிகளாக இருக்கும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் ஒரு ஜோடி மற்றொன்றைப் பார்த்துச் சுமார் 15 டிகிரி திரும்புகிறது. காட்ட வேண்டியதே அந்த 15 டிகிரிதான் என்னும்போது, கேமராவே இரண்டு படங்களுக்கும் இடையில் நாலைந்து டிகிரி விலகியிருந்தால், திரும்பியது புரதமா நம் கையா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? (1எச்எச்ஓ கோப்பில் ஒரு ஜோடிதான் இருக்கும், நான்கு சங்கிலிகளையும் பார்க்க, உடலில் உள்ள முழு வடிவமான உயிரியல் அமைப்பைத் தனியாக வருவிக்க வேண்டும். அதில் எனக்கு அரை நாள் போனது.)

பைமாலில் கெட்-வியூ என்று அடித்தால் 18 எண்கள் வரும். முதல் ஒன்பதும் சுழற்சி, பிறகு கேமராவின் இடம், சுழலும் மையம், முன்பின் வெட்டுத்தளங்கள், கடைசியில் பார்வை வகை. அப்படியே நகலெடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டிவைத்தால் போதும். ஆறு மாதம் கழித்து நிறத்தை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், அன்று வெட்டிய மேற்பரப்பு அதே இடத்தில் வெட்டுப்பட்டு அதே கோணத்தில் வந்து நின்றது. சிமெராஎக்ஸிலும் பார்வைக்குப் பெயர் வைத்துச் சேமிக்கலாம், கேமரா எண்களையும் கேட்டு வாங்கலாம். ஆனால் எல்லாம் ஒரே துண்டு உரையாகக் கையில் இருப்பது எனக்கு அதைவிட நிம்மதி.

ஒரே ஒரு எச்சரிக்கை. பைமாலில் டர்ன் கேமராவைத்தான் திருப்பும். ரொட்டேட் கட்டளைக்கு அணுக்களைத் தேர்ந்து கொடுத்தால் அவற்றின் ஆயத்தொலைவுகளே மாறிவிடும். இது தெரியாமல் ஒருமுறை புரதத்தை மட்டும் திருப்பிச் சேமித்துவிட்டேன், அடுத்த நாள் வேறு கோப்பிலிருந்து கொண்டுவந்த லிகண்ட் (புரதத்தின் குழியில் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு) குழிக்கு வெளியே காற்றில் மிதந்துகொண்டிருந்தது. படத்துக்காகத் திருப்புவது என்றால் டர்ன் மட்டும் போதும்.

சிமெராஎக்ஸ் தெளிவாக முந்துவது சுழலும் மையத்தில். ஒரு குழிக்குள் நெருங்கிப் போய்த் திருப்பினால், திரை நடுவில் முன்னால் தெரியும் இடத்தையே அச்சாக எடுத்துக்கொள்ளும். பைமாலில் லிகண்டை மையம் ஆக்கிக்கொள்ளாமல் திருப்பினால் குழி திரையை விட்டே ஓடிவிடும். மேற்பரப்பில் மேடு பள்ளம் தெரிய சிமெராஎக்ஸின் மென்மையான ஒளியமைப்பும் அருமை. ரைபோசோம் அளவுக்குப் பெரிய அமைப்புக்கு மேற்பரப்பு போட்டுச் சுழற்றுவது, கிரையோ மின்நுண்ணோக்கி (உறையவைத்த மாதிரியைப் படமெடுப்பது) வரைபடம் பார்ப்பது என்றால் நானும் அதைத்தான் திறக்கிறேன்.

விஎம்டி என்ற இன்னொரு மென்பொருளை, மூலக்கூறு இயக்கவியல் பாதைகளை (கணினியில் கணக்கிட்ட மூலக்கூறு அசைவுகளை) ஓட்டிப் பார்க்க மட்டும் சில தடவை தொட்டிருக்கிறேன். ஆர் அழுத்தினால் சுழற்சி, டி அழுத்தினால் நகர்வு என்ற அளவில்தான் பழக்கம், அதை வைத்து மேற்பரப்பு விஷயத்தில் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

பைமால் எடுப்பவர்கள் அந்த 18 எண்களோடு படத்தின் அகலம் உயரத்தையும் ஸ்கிரிப்டில் எழுதிவைத்துவிடுங்கள். சன்னலின் வடிவம் மாறினால் கோணம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் ஒரு சங்கிலி வெட்டுப்பட்டுப் போகும்.