பூஸ்டர் சீட்: இரண்டரை வருடமும் ஒரு பக்கிளும்

போன வாரம் மத்தியானம் பள்ளி வாசலில் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, உங்க காடில இருக்கே, அந்தப் பிள்ளை சீட்டு, விலை இறங்கியிருக்காம். வாங்கலாமா?" நான் அப்போது பாதி உடம்பு மழையில் நனைய, பின்கதவு வழியாகக் குனிந்து, மகளின் தொடைக்குப் பக்கத்தில் பெல்ட்டை மாட்டும் பக்கிளைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் நான்கு காடிகள் ஹாரன் அடித்தன. "அப்புறம் சொல்றேன்க்கா" என்றேன். அந்த அப்புறம் இதுதான்.

பூஸ்டர் என்றால், காடி பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையைத் தூக்கி வைக்கும் சீட்டு. எங்களுடையது சாதாரண வகைதான். 15 முதல் 36 கிலோ வரை எடையுள்ள பிள்ளைக்கு, முதுகைக் கழற்றலாம், சீட்டைக் காடியோடு மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டு. 2023 நடுவில் 320 வெள்ளிக்கு வாங்கினேன். இப்போது 219. வயிறு எரிகிறது, சரி, போகட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது வருவதற்கு முன், பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று மகள் மேல்பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறிக் கிடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பு இன்னும் முற்றியிருக்காது. பிரேக் போட்டால் பட்டை அங்கே நிற்காமல் குடல் பக்கம் அமுக்கும். சீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து பட்டை தொடையோரம் படிகிறது, மேல்பட்டை தோளின் நடுவில் போகிறது, அவளும் அதைத் தள்ளுவதில்லை. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை: சன்னலுக்கு வெளியே பார்க்க முடிகிறது என்பதால் வாய் ஓய்வதில்லை. செம்பனை மரத்துக் குரங்குகளை எண்ணிக்கொண்டே வருவாள்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. "நாம எல்லாம் மோட்டார்ல மூணு பேரா போய் வளரலையா?" என்பார் பெரியப்பா. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தனியார் வாகனத்தில் பிள்ளை இருக்கை கட்டாயம் என்று சொன்னால், "ரெண்டு கிலோமீட்டருக்குமா?" என்பார். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் பாதி ரோட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒரு நாள் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு குலை விழுந்து உருண்டது. முழு பிரேக். முன்சீட்டில் இருந்த சாப்பாட்டு டப்பா பறந்தது, மகள் இருந்த இடத்தில் இருந்தாள்.

இவ்வளவு சொல்கிறேன் அல்லவா, இனி அந்தப் பக்கிளுக்கு வருகிறேன்.

பூஸ்டர் பிள்ளையைப் பிடித்து வைப்பதில்லை. தூக்கி மட்டும் வைக்கிறது. பிடிப்பது காடியின் பெல்ட்தான். எங்கள் சின்னக் காடியில் ஐசோஃபிக்ஸ் கொக்கியை மாட்டினால் சீட்டின் அடிப்பாகம் நேராகப் பக்கிளின் தலைமேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மகளின் கை அந்தச் சந்துக்குள் போகாது, என் கை இரண்டு விரல் போகும். கொக்கியைக் கழற்றி ஓர் அங்குலம் கதவுப் பக்கம் தள்ளினால் பக்கிள் தெரிகிறது. ஆனால் அவள் இறங்கிய பிறகு வெறும் சீட்டுக்கும் பெல்ட் போட வேண்டும், இல்லையென்றால் மோதலில் அதுவே பறந்து வந்து மண்டையில் விழும். கொக்கிக்காகக் கூடுதல் காசு கொடுத்தது எதற்கு? கடைக்காரர் பெல்ட் நீட்டிப்புத் துண்டு ஒன்றை நீட்டினார். கையேட்டில் கூடாது என்று போட்டிருக்கிறது, வாங்கவில்லை.

145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மகள் இப்போது 121. இன்னும் நாலு வருடம் இந்தச் சந்துக்குள் விரல் விட வேண்டும். ஆனாலும் போன மாதம் ஈப்போவுக்கு மச்சான் காடியில் கிளம்பியபோது இதைத்தான் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு போனேன், அவன் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு.

அக்கா, வாங்குவதற்கு முன் கடை வாசலுக்குக் காடியை எடுத்துப் போய், சீட்டை வைத்து, உங்கள் பையன் கையாலேயே பக்கிள் போடச் சொல்லுங்கள். மூன்று தடவையில் போட முடியவில்லை என்றால் 19 வெள்ளிக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அன்றைக்கு மழை பெய்யாமல் இருந்திருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.