வேலூர் பக்கம் பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: கையால் செய்த எஸ்டி கார்டு போர்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பழைய ஹோம் கம்ப்யூட்டர்களுக்கு எஸ்டி கார்டு போர்டு, ஜாய்ஸ்டிக் போர்டு எல்லாம் கையாலேயே செய்து தருகிறேன் என்று ஒருவர் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். பெயரைப் போடவில்லை. என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை மட்டும் ஒன்று விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு ஊரில் வேறு ஆளும் உங்களிடம் செய்யலாம்.

என்னிடம் இருப்பது 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், இங்கிலாந்தின் சின்க்ளேர் கம்பெனி விட்ட ஹோம் கம்ப்யூட்டர். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்த என் மாமா 80களில் இங்கிலாந்து போனபோது வாங்கி வந்தது. 1982இல் வந்த மாடல், 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசசர். இதில் புரோகிராம் ஏற்றுவது கேசட்டில் இருந்துதான். கேசட் பிளேயர் எப்போதோ போய்விட்டது, மொபைலில் ஆடியோ ஃபைலை ஓட்டி இயர் சாக்கெட்டில் கொடுத்தால் ஜம்மென்று லோட் ஆகும். ஆனால் ஒரு பெரிய புரோகிராம் ஏற ஐந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டும், அதனால்தான் கார்டில் இருந்தே சட்டென்று ஏற்றும் எஸ்டி கார்டு போர்டு மேல் ஆசை வந்தது. வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதைவிட நம்ம ஊரில் ஒருவர் செய்கிறார் என்றால் அவரிடமே வாங்கலாமே என்று நினைத்தேன். வீட்டில் உட்கார்ந்து ஃபெர்ரிக் குளோரைடில் போர்டு எட்ச் பண்ணி, ஓட்டை போட்டு, ஐசி (சிப்) வைத்து ஒரு பழைய மிஷினுக்கு உயிர் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, இப்போதும் உண்டு. பேசிய விலை 6,500 ரூபாய். ரசீது கேட்டேன், வாட்ஸப்பில் அனுப்புகிறேன் சார் என்றார், இன்று வரை வரவில்லை.

போர்டை எடுத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். ஸ்பெக்ட்ரம் பின்பக்கத்தில் 28 வழி எட்ஜ் கனெக்டர், அதாவது வெளி போர்டுகளை மாட்டும் விளிம்பு, இருப்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதில் ஐந்தாவது இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். மாட்டுகிற கனெக்டரில் அதே இடத்தில் ஒரு சின்னத் தடுப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் நேராக உட்காரும், ஒரு இடம் தள்ளி உட்காராது. இந்தத் தடுப்பு சும்மா வைத்தது இல்லை. அந்த வெட்டுக்குப் பக்கத்திலேயே கீழ்ப்பக்கத்தில் மூன்றாவதில் 5 வோல்ட், நான்காவதில் ரெகுலேட்டருக்கு முந்தைய 9 வோல்ட். கனெக்டர் ஒரு இடம் நகர்ந்தால் 5 வோல்ட் ஐசி எல்லாவற்றுக்கும் 9 வோல்ட் போகும். மேல்பக்கத்தில் மைனஸ் 5 வோல்ட், 12 வோல்ட் எல்லாம் டேட்டா, கண்ட்ரோல் லைன்களோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. அவர் கொண்டு வந்த போர்டில் தடுப்பு இல்லை. கேட்டேன். "ஒண்ணும் ஆகாது சார், நிறைய பேருக்கு மாட்டிக் கொடுத்திருக்கேன்" என்றார். மிஷின் ஆனில் இருந்தது, ஆஃப் பண்ணிவிட்டு மாட்டுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொருகிவிட்டார். ஒரு சின்ன டிக் சத்தம், திரை முழுக்க கோடு கோடாக.

என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாடலில் முதல் 16கே மெமரி எட்டு 4116 ஐசிகள். அவற்றுக்கு 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் மூன்றும் வேண்டும். 12 வோல்ட் இருக்கும்போது மைனஸ் 5 வோல்ட் காணாமல் போனால் ஐசி வெந்துவிடும். இந்த 12, மைனஸ் 5 இரண்டையும் 9 வோல்ட்டில் இருந்து தயாரிக்கிற சர்க்யூட்டில் டிஆர்4 என்று ஒரு டிரான்சிஸ்டர் உண்டு, பின்பக்க கனெக்டரில் ஷார்ட் ஆனால் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். அது போனதும் மெமரியும் போகும். திரையில் தெரியும் படம் நிற்பதே 16384ஆம் முகவரியில் இருந்து, அதாவது இந்த மெமரியில்தான், அதனால்தான் கோடுகள். ஸ்பெக்ட்ரம் ரிப்பேர் பார்த்த எவருக்கும் இது பாலபாடம். இதைச் செய்து விற்கிற ஆளுக்குத் தெரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "என்கிட்ட குடுங்க சார், மெமரி மாத்தி ரெடி பண்ணிக் குடுக்கறேன், சாமான் காசு மட்டும் குடுங்க" என்றார். மிஷினை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் போன் எடுப்பதே அரிது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐசி கிடைக்கவில்லை, கொரியர் வரவில்லை, கரண்ட் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். ஒருவழியாகத் திருப்பிக் கொண்டுவந்தபோது எட்டு 4116, ஒரு டிரான்சிஸ்டர், கூலி என்று 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆன் செய்ததும் வர வேண்டிய காப்பிரைட் வரியோடு திரை வந்தது, அது உண்மை.

மொபைலை இயர் சாக்கெட்டில் செருகினால் எதுவும் ஏறவில்லை. சொன்னேன். "அதான் எஸ்டி கார்டு இருக்கே சார்" என்கிறார். எஸ்டி கார்டு போர்டு அதற்கு முன்பே செத்த போர்டு, அதைத் தொடவே இல்லை.

சரி என்று மூடியைத் திறந்தேன். மெமரி ஐசி எட்டில் ஆறின் காலில் பழைய கம்பெனி ஈயம் அப்படியே மங்கலாக இருக்கிறது. இரண்டுக்கு மட்டும் புது ஈயம், சுற்றிலும் துடைக்காத ஃப்ளக்ஸ். அந்த இரண்டின் மேல் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் எழுத்து கறுப்போடு சேர்ந்து வருகிறது, அடியில் ராவிய தடம். அதைவிட வயிற்றெரிச்சல், யு.எல்.ஏ. என்ற முக்கியமான சிப்பே மாறியிருந்தது. ஃபெர்ராண்டி கம்பெனி சின்க்ளேருக்கென்றே செய்த சிப் அது, பல ஆண்டுகளாகத் தயாரிப்பில் இல்லை. திரை, கீபோர்டு, ஸ்பீக்கர், டேப் எல்லாம் அதன் வழியாகத்தான். சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதால் நெம்பினால் வந்துவிடும். முன்பு சுத்தம் செய்தபோது எடுத்த படங்களில் என் சிப்பின் 6சி001இ என்ற எழுத்து, 84 என்று தொடங்கும் தேதி எண், மூலையில் சின்ன உடைவு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. இப்போது இருப்பதில் அந்த உடைவும் இல்லை, அந்தத் தேதியும் இல்லை, டேப் உள்ளே வரும் பகுதியும் வேலை செய்யவில்லை. கேட்டால் "உங்க சிப் போயிடுச்சு சார், தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். கொஞ்ச நாளில் ஆம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தனக்கு விலைக்கு வந்த யு.எல்.ஏ. என்று ஒரு படம் அனுப்பினார். அதே தேதி, அதே மூலை உடைவு. விற்க வந்தவரும் இவரேதான்.

அந்தச் செத்த போர்டையும் நிதானமாகப் பார்த்தேன். எஸ்டி கார்டு 3.3 வோல்ட்டில் ஓடுவது, இவர் 5 வோல்ட் லைனை ரெசிஸ்டர் ஒன்று வைத்து நேராக இழுத்திருக்கிறார். சப்ளையைச் சீராக வைக்க ஐசி பக்கத்தில் போட வேண்டிய 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றுகூட இல்லை. புரோகிராம் எழுதி வைக்கும் ஈப்ராம் சிப்பின் கண்ணாடி மேல் ஸ்டிக்கர் இல்லை. நேர் வெயிலில் ஒரு வாரம் போல் கிடந்தால் உள்ளே எழுதியது அழிந்துவிடும், நம்ம ஊர் வெயிலில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் வைப்பவர்கள் எத்தனை பேர்.

யாரிடம் வாங்கினாலும் சரி, தடுப்பு இல்லாத கனெக்டர் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்து போர்டில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று விற்கிறவரையே உங்கள் எதிரில் காட்டச் சொல்லுங்கள், நல்ல ஆள் சந்தோஷமாகக் காட்டுவார். மாட்டுவதும் கழற்றுவதும் பவர் பிளக்கை உருவிய பிறகுதான், அவர் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் நீங்கள் உருவிவிடுங்கள். ரிப்பேருக்கு மிஷினை வெளியே அனுப்பவே வேண்டியிருந்தால் ஒவ்வொரு ஐசி மேல் இருக்கும் எழுத்தும் தெரிகிற மாதிரி அவர் முன்னாலேயே படம் எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள், மாற்றிய பழைய ஐசி எல்லாம் திரும்ப வர வேண்டும் என்றும் எழுதுங்கள். 4116க்குப் பதிலாக 5 வோல்ட் மட்டும் கேட்கிற புது மெமரி மாட்யூல்கள் வந்துவிட்டன, ராவி எழுதிய பழைய ஐசிக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

நான் படங்கள், ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் வைத்து வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நடந்ததில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். முதலில் கேட்டுப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இதே ஆளிடம் மிஷின் கொடுத்தவர்கள் இருந்தால் மூடியைத் திறந்து யு.எல்.ஏ.வைப் பாருங்கள், மாறியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். மூலை உடைந்த 6சி001இ யாராவது விலைக்குக் கொண்டுவந்தால் வாங்காமல் ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள்.