799 ரூபாய்க்கு ‘ஒரு வருஷ ஓடிடி’: கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

“எல்லா ஓடிடியும் ஒரு வருஷம், 799 மட்டுமே” என்று ஸ்டிக்கர் ஒட்டிய செல்போன் கடை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணில் பட்டால், சார்ஜர் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ‘ஆஃபர்’ மட்டும் வேண்டாம். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். அதே ஸ்டிக்கரோடு வேறு கடைகளும் இருக்கும் என்பதால் பெயரைவிட வித்தையைச் சொல்வதுதான் உபயோகம்.

2024 ஜூலையில் நடந்தது இது. காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் தாய்மாமா, டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை. ஹாலிவுட் நடிகர் எடி மர்ஃபி என்றால் உயிர். டெட்ராய்ட்டிலிருந்து பணக்கார பெவர்லி ஹில்ஸுக்குப் போய், மேலதிகாரி சொல்வது எதையும் கேட்காமல், வாய்ச் சவடாலிலேயே பாதிக் கேஸை முடிக்கும் எடி நடித்த ஆக்ஸல் ஃபோலி என்ற போலீஸ்காரனை மாமா பக்கத்து வீட்டுப் பையனைப் போலப் பேசுவார். ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ முதல் படம் 1984, அடுத்தது 1987, மூன்றாவது 1994. மூன்றாவதைப் பற்றி மாமாவிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. அதற்கப்புறம் 30 வருஷம் கழித்து ஜூலை 3-ஆம் தேதி நான்காவது வந்தது, நேராக நெட்ஃப்ளிக்ஸில். “மாப்ள, எப்படியாவது போட்டுக் காட்டிடு” என்றார். நானும் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பையன் நல்ல பேச்சுக்காரன். “ண்ணா, இது கம்பெனி ஆஃபர்ணா. ஒரு வருஷம் ஃபுல்லா ஓடும்ணா. டிவி, போன் எதுல வேணும்னாலும் பாருங்க.” ஜிபேயில் பணம் போட்டபோது திரையில் வந்தது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒருவரின் பெயர். பில் கேட்டதற்கு “வாட்ஸ்அப்ல வரும்ணா” என்றான். வந்தது ஒரு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும்தான்.

மாமா வீட்டு டிவியில் லாகின் செய்ததும் ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்கும் இடத்தில் ஐந்து பேரின் படங்கள் வரிசையாக நின்றன. நமக்கு ஒதுக்கியது கடைசிப் படம். மற்ற நால்வர் யாரென்று கடவுளுக்கே வெளிச்சம். அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எழுத்துக்கு மேலே இரட்டைப் புள்ளி, கீழே ஒரு வால். துருக்கி மொழி என்று பிறகு தெரிந்தது. படத்தைத் தேடி எடுத்துப் போட்டால், இந்த டிவி அந்தக் கணக்கின் வீட்டைச் சேர்ந்தது இல்லை, கணக்குக்காரருக்குப் போன ரகசிய எண்ணைக் கொடு என்று நின்றுவிட்டது. கடைக்காரனுக்கு போன் போட்டால் அந்த எண்ணை அனுப்பினான். பனியில் டெட்ராய்ட் தெருக்களில் ஆக்ஸல் வண்டியை விட்டுக் காரையெல்லாம் நொறுக்கும் கட்டம் வரைக்கும் ஓடியது. மறுநாள் மிச்சத்தைப் பார்க்க உட்கார்ந்தால் பாஸ்வேர்டே தப்பு என்றது.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் நம் நாட்டில் மாதா மாதம்தான் காசு வாங்குகிறது. வருஷத் திட்டம் என்று ஒன்று விற்பதே இல்லை. அன்றைய விலையில் பெரிய திட்டம் மாதம் 649. வருஷத்துக்கு 7,788. அதை ஐந்து பேருக்குப் பங்கு போட்டால்கூட ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. 799-க்கு ஒருவன் நியாயமாக விற்க வழியே இல்லை. ஆக, அந்தக் கணக்கு ஒன்று விலை குறைந்த வெளிநாட்டில் எடுத்தது, இல்லையென்றால் யாரோ ஒருவரிடமிருந்து திருடியது. நிஜமான சொந்தக்காரர் பாஸ்வேர்டை மாற்றிய நிமிடம் உங்கள் ‘ஒரு வருஷம்’ முடிந்தது. போதாக்குறைக்கு, வேறு வீட்டுக்காரர்கள் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதை 2023 ஜூலையிலேயே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். கடைக்காரனுக்கு இது தெரியாமல் இருக்காது.

திரும்பக் கடைக்குப் போனேன். “சர்வர் பிராப்ளம்ணா” என்றவன், சமாதானத்துக்கு ஒரு பென்டிரைவைக் கொடுத்தான். “புதுப் படம் இதுல இருக்குண்ணா, நீங்க பாத்துட்டுக் குடுங்க.” ஃபைலின் பெயரில் 4 என்றும் 2024 என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. போட்டதும் நகைக்கடைக் கொள்ளை, நெட்டையாக ஒரு தங்கமுடிக்காரி. மாமா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “டேய், இது ரெண்டாவது பார்ட்டுடா!” அடுத்த கட்டத்திலேயே எடி மர்ஃபி கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு ஃபெராரியில் ஏறுகிறார். 63 வயது ஆள் 26 வயதில் வந்து நிற்கிறார். 1987-இல் டோனி ஸ்காட் எடுத்த படத்துக்குப் புதுப் பெயர் வைத்து ஏமாற்றியிருக்கிறான். இதில் வேடிக்கை, அந்தப் படத்தின் ஆரம்பத்தில் ஆக்ஸல் மாறுவேஷத்தில் துரத்துவதே கிரெடிட் கார்டு மோசடிக் கும்பலைத்தான்.

பென்டிரைவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தபோது அவன் சொன்ன பதில்: “ஹீரோ அவர்தானேண்ணா?”

இன்னொன்று, இதுதான் பயமுறுத்தியது. கணக்கு நின்றதும் “இந்த ஆப்பைப் போடுங்க, எல்லாப் படமும் ஓசி” என்று மாமாவின் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோருக்குப் போகாமல் நேராக ஆப்பைப் போடும் ஃபைலை, அனுப்பியிருந்தான். மாமா அதைத் திறந்து பாதி வழி போய்விட்டார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டுத் திரை நின்றிருந்தது. படம் காட்டுகிற ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதற்கு? பேங்க் ஓடிபி அதில்தானே வருகிறது. அவர் பென்ஷன் வரும் அக்கவுண்டும் அதே நம்பரில். உடனே நீக்கிவிட்டேன். 799 போனால் போகட்டும், இதை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பணம் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்துப் புகார் பதிவு செய்தேன். பேங்கிலிருந்து பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அடிக்க வேண்டும், அது சைபர் குற்ற எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 799-க்கு அங்கே எதற்கு என்று என் மனைவி கேட்டாள். எனக்குக் கோபம் பென்டிரைவில்தான்.

படம் பார்க்க வேண்டும் என்றால் நேராக அவர்கள் ஆப்பிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தபோது 149 ரூபாய்த் திட்டம் போன், டேப்லெட்டுக்கு மட்டும், டிவிக்கு 199-லிருந்து. 199 கட்டி மாமாவுக்கு முழுப் படத்தையும் காட்டினேன். கதை சுமார்தான். ஆனால் முதல் படத்துப் பழைய போலீஸ் கூட்டாளிகள் பில்லியும் டாகர்ட்டும் வந்து நின்றதும் மாமா கைதட்டியதைப் பார்க்க வேண்டுமே. அந்த மாதம் முடிந்ததும் திட்டத்தை நிறுத்திவிட்டேன்.

அதே ஸ்டிக்கரைப் பார்த்து வேறு யாராவது வாங்கியிருந்தால் ஜிபே ரசீதை அழிக்காமல் வைத்திருங்கள். பணம் போன பெயர் ஒன்றாகவே இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போய் எழுதிக் கொடுத்துவிடலாம்.