தூரோடு எடுக்கும் பொக்லைன்: கமுதிப் பக்கத்து வாடகைச் சேவை பற்றி

இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் தரிசாகக் கிடந்த புஞ்சையைத் திருத்த நினைப்பவர், சீமைக் கருவேலத்தைக் கடந்துதான் ஏர் பூட்ட வேண்டும். கரிமூட்டம் போடுபவர்களிடம் விட்டால் மரத்தை வெட்டிக்கொண்டு நமக்கும் ஒரு தொகை தருவார்கள். ஆனால் தூர், அதாவது அடிமரமும் வேரும், மண்ணிலேயே இருப்பதால், ஒற்றை மரமாக நின்றது அடுத்த மழைக்குப் பல கிளைகள் விட்டுப் புதராகிவிடும். ஆகவே தூரோடு எடுப்பதற்காக, மணி வாடகைக்குப் பொக்லைன் (முன்னும் பின்னும் பக்கெட் உள்ள மண்வாரி வண்டி) விடும் உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்தினோம்.

இந்தச் சேவையில் முதலில் பாராட்ட வேண்டியவர் ஆபரேட்டர். வண்டியை இறக்கியதும் பக்கெட்டைத் தூக்காமல், பக்கத்து நிலத்துப் பெரியவரை அழைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடந்து, தூர்ந்துபோன கிணறு எங்கே, பழைய வரப்பு எங்கே, பாம்புப் புற்று எங்கே என்று கேட்டறிந்து, கிணற்றைச் சுற்றித் தள்ளித் தள்ளிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகளைக் கருவேலம் முழுதாக மூடிவிடும் ஊர் இது. ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி விளிம்பில் ஏறினால் மண் சரிவதைத் தடுக்க எதுவும் இல்லை.

வேலை செய்த முறையும் சரியானதே. பலர் முன் பக்கெட்டை உயரத் தூக்கி மரத்தை நெட்டித் தள்ளுவார்கள். அப்போது மரம் இடுப்பளவில் முறிந்து தூர் தங்கிவிடும், சில நேரம் கிளை கேபின் மேலேயே விழும். இவர் இரு பக்க ஜாக்கியையும் ஊன்றி, பின் பக்கெட்டால் நாற்புறமும் பறித்துப் பக்கவேர்களை அறுத்த பிறகே தூரைத் தூக்கினார். மறுபடி துளிர்க்கும் மொட்டுகள் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, வேரின் கழுத்துப் பகுதியில் இருப்பதால், ஓர் அடி ஆழமாவது சேர்த்து எடுக்க வேண்டும். புரட்டிப் போட்ட தூர்களில் கரிசல் கட்டி அப்பியிருக்க, அதனடியில் ஆணிவேர், பக்கெட்டின் பற்கள் பட்டுப் பிய்ந்த நார்களோடு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் நமக்கும் நம்பிக்கை வந்தது. மின்கம்பிக்கு அடியில் நின்ற மரங்களை அவர் தொடவே இல்லை; மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தினால்தான் வருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

குறைகளும் உண்டு. ஆள்களை விலக்கி நிறுத்த உதவியாளரை அனுப்பவில்லை. விறகு பொறுக்க வந்தவர்கள் பின் பக்கெட்டின் கை சுழலும் வட்டத்துக்குள்ளேயே புகுந்ததால், ஆபரேட்டர் அடிக்கடி வண்டியை நிறுத்த நேர்ந்தது. அந்த நேரத்துக்கும் வாடகை ஓடியது. சிறு புதர்களை முன் பக்கெட்டால் வழித்தபோது மேல்மண்ணும் முள்ளோடு சேர்ந்து குவியலுக்குப் போய்விட்டது. வாடகை மணிக்கு 1,300 ரூபாய், ஆபரேட்டர் பேட்டா தனி. ஷெட்டிலிருந்து புறப்பட்டதிலிருந்தே கணக்கு என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. எனவே வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை, வண்டி வந்ததும் குறித்துக்கொள்வது நல்லது.

இதைவிடச் செலவு குறைவு என்று டிராக்டரில் சங்கிலி கட்டி இழுப்பவர்களும் உண்டு. சிறு மரக்கன்றுகளுக்கு அது போதும். வேரூன்றிய மரத்துக்குச் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால், முன் சக்கரம் எழும்பி, ஓட்டுபவர் கிளட்சை மிதிக்கும் முன்பே வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். பாதுகாப்புச் சட்டகம் இல்லாத பழைய வண்டியில் தப்பிப்பது அரிது. முள் குத்தி டயர் பஞ்சராவது வேறு.

கோடையில் கரிசல் இறுகி வேர் பாதியிலேயே அறுந்துவிடும், மழை பெய்த கையோடு வண்டி புதையும். ஈரம் பாதி காய்ந்த தை, மாசியில் அழைப்பதே உசிதம். “இனி முளைக்காது” என்று வண்டி உரிமையாளர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு போடும் விதைகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைத்த கருவேலங்கன்று சாண் உயரம் தாண்டும் முன் ஆள் விட்டுப் பிடுங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூலியையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.