ஜெய்சல்மேர்: ரெண்டு நைட் கோட்டைக்குள்ள, ரெண்டு நைட் வெளிய

டிசம்பர் கடைசில ராஜஸ்தான்ல இருக்குற ஜெய்சல்மேர் போயிருந்தோம், நான், வீட்டுக்காரர், மாமியார். ஜோத்பூர்ல நைட் ட்ரெயின் ஏறி விடியக்காலைல இறங்குனா பல்லு கிடுகிடுங்குது, பாலைவனம்னா வெயில்தானேன்னு மாமியாருக்கு ஒரே ஒரு சால்வை எடுத்துட்டு வந்த என் புத்திய என்ன சொல்ல. நாலு நைட், ரெண்டு ஹோட்டல். பேரு வேணாம், விஷயத்த மட்டும் சொல்றேன்.

முதல்ல கோட்டைக்குள்ள இருக்குற ஹோட்டல். 1156ல ராவல் ஜெய்சல்ங்கற ராஜா ஆரம்பிச்ச கோட்டை, இன்னிக்கும் உள்ள ஜனங்க குடியிருக்காங்க, கடை, ஜெயின் கோயில், துணி காயப்போட்ட மாடி, சந்துல வழிய மறிச்சு நிக்கிற மாடு எல்லாம் இருக்கு, அந்த ஆசைலதான் புக் பண்ணோம். ஆட்டோக்காரர் கீழ கேட்லயே இறக்கி விட்டுட்டாரு. அங்கிருந்து வழுவழு கல்லு பாவுன ஏத்தம், ஒவ்வொரு வாசலா தாண்டி வளைஞ்சு வளைஞ்சு போகுது, மாமியார் மூட்டு வலிய வெச்சுக்கிட்டு மூணு எடத்துல உக்காந்துதான் ஏறுனாங்க.

ரூம் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு. மஞ்சக் கல்லு செவுரு, செதுக்கு வேலை பண்ண ஜன்னல், அதுலயே மெத்தை போட்ட திண்ணை, சாயங்காலம் அத்தை அதுல கால நீட்டி உக்காந்தவங்க டீ வந்தும் எந்திரிக்கல. ஆனா பாத்ரூம்ல செவுரு கீழ ரெண்டு அடிக்கு ஈரம், விரல் வெச்சு லேசா தேய்ச்சா கல்லு ரவை மாதிரி உதிருது. இந்த கோட்டைக்கு எமனே தண்ணிதான். அந்த காலத்துல காடிசர் ஏரில இருந்து குடத்துல சுமந்துட்டு வந்து புழங்குனாங்க, இப்ப வீட்டுக்கு வீடு குழாய், ஹோட்டலுக்கு ஹோட்டல் ஷவர், சாக்கடை கசிஞ்சு அடில இருக்குற மண்ணு இளகி சில கொத்தளங்க இடிஞ்சே விழுந்திருக்கு. இது தெரியாம சுடுதண்ணி வரட்டும்னு பத்து நிமிஷம் ஷவர தொறந்து விட்டுட்டு நின்னவ நானு.

இன்னொரு தொல்லை கேமல் சஃபாரி. சாம் மணல்மேடு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, எங்ககிட்டயே பேக்கேஜ் எடுங்கன்னு ஹோட்டல்காரங்க செக்-இன் பண்ணப்பவே ஆரம்பிச்சு சாப்பிட உக்காந்தாலும் விடல. அத்தையால ஒட்டகத்துல ஏற முடியாதுங்கன்னு சொன்னதோட அந்த சிரிப்பு காணாம போச்சு, மறுநாள் காலைல கீசரும் ரிப்பேராம்!

மூணாவது நாள் வெளிய மாறுனோம். கோட்டைல இருந்து கால் மணி நேர நடை, வாடகை 400 ரூபா கம்மி, புது கட்டடம், ரூம்ல அழகுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா கேக்காமலே அத்தைக்காக கீழ் ரூம் குடுத்தாங்க, ரெண்டு ரஜாய் (பஞ்சு வெச்ச கனமான போர்வை) எக்ஸ்ட்ராவா கொண்டாந்து போட்டாங்க. மொட்டைமாடிக்கு போனா கண்ணு முன்னால முழு கோட்டை! உள்ள இருந்த ரெண்டு நாளும் கோட்டைய நாம பாக்கவே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. காலைல வெளிறிப்போய் இருக்குறது சாயங்கால வெயில்ல நெய்ல வறுத்த மாதிரி ஒரு கலருக்கு வருது. குறைன்னா பக்கத்து கல்யாண மண்டபம், ஒரு நாள் நடுராத்திரி வரைக்கும் டிஜே.

சாப்பாடும் இங்கதான். கம்பு ரொட்டி, கடலமாவு உருண்டை போட்ட கட்டா குழம்பு, கேர் சாங்ரி. கேர்ங்கறது பாலைவனப் புதர்ல காய்க்குற குட்டிக் காய், சாங்ரி அங்க இருக்குற ஒரு மரத்தோட நீளக் காய், ரெண்டையும் காய வெச்சு சமைக்குறாங்க. சாங்ரிய பாத்துட்டு அத்தை, "கொத்தவரங்கா வத்தல்தானடி இது, ஊர் விட்டு ஊர் வந்து இதுக்கா காசு குடுக்குற"ன்னாங்க, அப்புறம் ரெண்டு தடவை கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க.

பெரியவங்க கூட வந்தா யோசிக்காம வெளிய தங்குங்க, கோட்டைக்கு பகல்ல போய் பொறுமையா சுத்திட்டு வந்துடலாம். சின்னஞ்சிறுசுங்க ஒரே ஒரு நைட் அந்த ஜன்னலுக்காக உள்ள தங்கலாம், தண்ணிய பாத்து செலவு பண்ணுங்க, சஃபாரி வேணாம்னா வந்தன்னிக்கே கறாரா சொல்லிடுங்க.

கெளம்புறப்ப சமையல்காரர் ஒரு கவர்ல காஞ்ச கேர் கட்டி குடுத்து, மோர்ல ஊறவைங்கன்னு கைய காட்டி ஹிந்தில என்னமோ சொன்னாரு, ஹிந்தியே தெரியாத அத்தைக்கு அது எப்படியோ புரிஞ்சிருக்கு, நேத்து வீட்டுல வத்தக்குழம்புல போட்டுட்டாங்க.