கொடைக்கானலில் ஒரு பேலியோ மதியச் சாப்பாடு: நெய் தாராளம், புரதம் சிக்கனம்

மூஞ்சிக்கல் பக்கத்தில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து மாதச் சந்தா முறையில் வரும் பேலியோ மதியச் சாப்பாட்டை, அதாவது மாவுச்சத்தைக் குறைத்துக் கறி, முட்டை, கொழுப்பைக் கூட்டும் உணவை, கடந்த ஆவணி தொடங்கி ஏழு மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். வீட்டோடு நடக்கும் தொழில் என்பதால் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிற அக்காவும் பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். மாதத்துக்கு 26 நாள். அசைவத்துக்கு 5,200 ரூபாய், சைவத்துக்கு 4,400 ரூபாய். மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரில், ஏழு ரோடு, ஆனந்தகிரி, நாயுடுபுரம் வரையுள்ள அலுவலகங்களுக்கு ஒரு மணிக்குள் வந்து சேர்ந்துவிடும்.

சுவையில் எனக்குத் தொடக்கத்திலிருந்தே குறையில்லை. முதல் நாள் வந்தது இன்னும் நினைவிருக்கிறது: வெண்ணெயில் வதக்கிய காலிஃபிளவர், இரண்டு அவித்த முட்டை, தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பட்டர் ஃப்ரூட்டில் பாதி, மலைப்பூண்டு தட்டிப் போட்ட கெட்டித் தேங்காய்ச் சட்னி. இந்த ஊர்க் குளிரில் வண்டி வந்து சேர்வதற்குள் காலிஃபிளவரைச் சுற்றி வெண்ணெய் வெள்ளையாக உறைந்து, அடுக்கைச் சாய்த்தால்கூட அசையாமல் நின்றது. அலுவலகத்து இண்டக்ஷன் அடுப்பில் சூடாக்கியபோது எழுந்த மணத்துக்கு அடுத்த அறையில் இருந்தவர் எழுந்து வந்துவிட்டார். சாப்பிட்ட பிறகு இரவு எட்டு மணி வரை பசிக்கவே இல்லை. நல்ல உணவு கிடைத்துவிட்டது என்று அன்று நினைத்தேன்.

ஆனால் ஆறு வாரம் கழித்தும் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை வலித்தது. கணக்குப் பார்ப்பதே என் பிழைப்பு என்பதால், ஒரு சமையலறைத் தராசை வாங்கி அதே உணவு மறுபடி வந்த நாளில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், 10 கிராம் கொழுப்பு. நூறு கிராம் பட்டர் ஃப்ரூட்டில் 2 கிராம் புரதம், 15 கிராம் கொழுப்பு. ஐம்பது கிராம் தேங்காயில் கொழுப்பு மட்டும் 16 கிராமுக்கு மேல், புரதம் 2 கிராம்கூட இல்லை. இருநூறு கிராம் காலிஃபிளவரில் சுமார் 4 கிராம் புரதம். அக்காவிடம் கேட்டு அறிந்த 30 கிராம் வெண்ணெயில் 24 கிராம் கொழுப்பு. கூட்டிப் பார்த்தால் புரதம் 20 கிராமைத் தொடவில்லை. கொழுப்பு 66 கிராமைத் தாண்டியிருந்தது. மாவுச்சத்து குறைவாகத்தான் இருந்தது, அதில் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். குறைந்த மாவுச்சத்தின் இடத்தை எது நிரப்புகிறது என்பதில்தான் சமையலறை தடுமாறியது.

அக்கா மீது முழுப் பழியையும் போட முடியாது. தன் கைப்பேசியில் அவர் வைத்திருந்த அட்டவணையில் கொழுப்பு 70 விழுக்காடு, புரதம் 20, மாவு 10 என்று இருந்தது, அதில் கொழுப்பு வரியைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இப்படிக் கொழுப்பை உச்சத்தில் வைக்கும் கணக்குக்கு வேறொரு பின்னணி உண்டு. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளிகளுக்காகக் கீட்டோஜெனிக் உணவு என்ற முறையை முன்வைத்தார். அந்தச் சிகிச்சையின் கடுமையான வடிவத்தில் கலோரியில் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பிலிருந்தே வரும். வலிப்பை அடக்குவது அதன் நோக்கம், இடுப்பைக் குறைப்பது அன்று. எடை குறைக்க வந்தவர்களுக்கு இந்த விழுக்காட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. உடல் ஒரு நாளில் 2,200 கலோரி செலவழித்து, தட்டில் 1,600 மட்டுமே கிடைத்தால், மீதி 600 கலோரியை ஏறத்தாழ 65 கிராம் உடற்கொழுப்பை எரித்து ஈடுகட்ட வேண்டும். அதாவது, உடல் பயன்படுத்தும் கொழுப்பில் ஒரு பகுதி நம் இடுப்பிலிருந்தே வருவதால், விழுக்காட்டை நிறைவேற்றுவதற்காகத் தட்டிலும் அதே அளவைக் கொட்ட வேண்டியதில்லை. என் இடுப்பு கொடுக்க வேண்டிய 65 கிராமை அக்காவின் கேரியரே கொடுத்துக்கொண்டிருந்தது!

புரதத்துக்கு விழுக்காடு பார்ப்பதைவிடக் கிராமில் பார்ப்பதே சரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது; எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க 1.2 முதல் 1.6 கிராம் வரை கொள்வது வழக்கம். என் உயரத்துக்குரிய எடை 68 கிலோ என்பதால், குறைந்தது 80 கிராமாவது தேவை. காலையில் மூன்று முட்டை 18 கிராம் தந்துவிடும், இரவு வீட்டில் 30 கிராம் தேறும் என்று வைத்தால், மதியத்துக்கு 35 கிராம் வேண்டும்.

இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபோது அக்கா, “சார், நெய்யக் குறைச்சா இது பேலியோவே இல்லைன்னு மத்தவங்க சொல்லுவாங்களே” என்றார். அவருடைய கவலை நியாயமானது. பலருக்கும் நெய் மிதந்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பொருள் வந்த மாதிரி இருக்கிறது. இருந்தும் அடுத்த வாரமே மாற்றினார், அதுவும் மறுகோடிக்கே போய்விட்டார். தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, எண்ணெய் காட்டாமல் சுட்டு, 150 கிராம். புரதம் 46 கிராம், கொழுப்பு ஐந்தாறு கிராம். காகிதத்தில் அழகான கணக்கு, வாயில் மரத்தூள். மூன்றரை மணிக்கே பசியெடுத்து, பேருந்து நிலையத்துப் பக்கத்து டீக்கடை வாசலில் சூடான பஜ்ஜி முன்னால் நின்ற குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

கொழுப்பே இல்லாத இறைச்சியின் விளைவை வடதுருவப் பகுதி வேட்டைக்காரர்கள் முயல் பட்டினி என்று சொல்வார்கள். வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி, 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மாமிசம் மட்டுமே உண்ணும் சோதனைக்கு உட்பட்டபோது, கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்த சில நாள்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டு, கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். புரதத்தை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் திறனுக்கு எல்லை உண்டு என்பது காரணம். மன்னவனூர்ப் பக்கம் முயல் வளர்ப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறி எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். எனக்கு நேர்ந்தது அந்த அளவுக்கு இல்லை, வெறும் பசிதான். ஆனால் மாவையும் கொழுப்பையும் ஒரே நேரத்தில் வெட்டினால் உடலுக்கு எரிக்கத் தட்டில் போதுமானது மிஞ்சாது என்பது அந்த ஒரு வாரத்தில் புரிந்தது.

கார்த்திகைக்குப் பிறகுதான் சமையலறை நிலைக்கு வந்தது. இப்போது தோலோடு கோழித் தொடைக்கறி அல்லது ஆட்டுக்கறி, வெந்த பிறகு 130 கிராம். அதில் புரதம் சுமார் 32 கிராம் தேறும், கறியோடு வரும் கொழுப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கூடவே பீன்ஸ், சௌசௌ, முட்டைக்கோஸ் என்று இங்கேயே விளைவதில் இரண்டு. நெய்யை ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வைக்கிறார்கள்: பசிக்கிறவர் ஊற்றிக்கொள்ளலாம், எடை குறைய வேண்டியவர் அப்படியே திருப்பி அனுப்பலாம். இந்தச் சின்ன ஏற்பாட்டுக்காகவே நான் சந்தாவை நீட்டித்தேன். மார்கழி, தை மாதங்களில் காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும் நாள்களில் எலும்பு சூப்பும் வந்தது. மாவைக் குறைத்ததும் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுவதால் முதல் வாரங்களில் வரும் தலைவலிக்கு இந்த உப்புச் சூப்பு நல்ல கைமருந்து; ஆனால் முதல் மாதம் எனக்குத் தலைவலி இருந்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை.

சைவக் கேரியரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. உடன் வேலை செய்பவர் இரண்டு மாதம் வாங்கிப் பார்த்தார். நூறு கிராம் பன்னீரில் 18 கிராம் புரதம் என்றால் 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு வரும். பருப்பை எடுத்தால் மாவுச்சத்து வரும். இந்தச் சிக்கலைச் சமாளிக்க சோயாவோ டோஃபுவோ கெட்டித் தயிரோ கலந்து போட வேண்டும், அதற்கு இங்கே முயற்சி போதவில்லை. நாலு நாளைக்கு மூன்று நாள் பன்னீர், அதன்மேலும் பாதாம் பொடி என்றால் அது முதல் மாதக் கதையேதான்.

குழம்பு விஷயத்திலும் ஒரு முறை மனத்தாங்கல் ஏற்பட்டது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என் ரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிட மிகவும் ஏறியிருந்ததால் விசாரித்தபோது, உதவிக்கு வந்த பெண் சோளமாவு கரைத்து ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்கியது தெரியவந்தது. அக்கா மறைக்காமல் சொல்லி, அன்றைய பணத்தைக் கழித்துக்கொண்டார். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவைச் சரிசெய்துகொள்ளாமல் இப்படிப்பட்ட சாப்பாட்டைத் தொடங்கக் கூடாது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதக் கணக்கையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இதைச் சந்தா சேர்க்கும்போதே சமையலறை கேட்டிருக்கலாம், இன்றுவரை கேட்பதில்லை.

என் எடை இப்போது 76 கிலோ, தொடங்கியபோது 82. அசைவக் கேரியருக்கு ஐந்துக்கு நாலு தரலாம், சைவத்துக்கு இரண்டரை. புதிதாகச் சேர்பவர்கள் நெய்யைத் தனியாகக் கேளுங்கள், கறியின் எடையை வெந்த பிறகு எவ்வளவு என்று கேளுங்கள், ஏனென்றால் பச்சைக் கறி வெந்தால் கால்பங்கு சுருங்கிவிடும். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொன்னால் மாற்றித் தருகிறார்கள். ஞாயிறு சந்தைக்குப் போவதால் அன்று அடுப்பு கிடையாது. அதனால் சனிக்கிழமைக் கேரியரோடு நாலு அவித்த முட்டை கூடுதலாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிறேன்.